வரையறுத்த தொகையீடு: விடையைச் சோதிக்காமல் அடுத்த கணக்குக்குப் போகாதீர்கள்

பல்லுறுப்புக் கோவையைத் தொகையிட ஒரே ஒரு விதி தெரிந்தால் போதும். xⁿ இருந்தால் அடுக்கோடு ஒன்றைக் கூட்டு, வந்த எண்ணாலேயே வகு. வெறும் எண் என்றால் பக்கத்தில் ஒரு x போடு. ப்ளஸ் டூ கணிதப் பிரிவில் யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். ஆனாலும் மார்க் போகிறது. தொகையிடும் வரி சரியாகத்தான் இருக்கும். அதற்கு அடுத்த வரியில், எல்லைகளைப் பிரதியிட்டுக் கழிக்கும் இடத்தில் கணக்கு கவிழும்.

அதனால் விதியை விளக்குவதில் நேரம் செலவழிக்கப் போவதில்லை. கழிக்கும் இடத்தில் என்ன ஆகிறது, வந்த விடை சரிதானா என்று அரை நிமிடத்தில் எப்படிப் பார்ப்பது, இவைதான் இங்கே.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 2x³ − 3x² + 4x − 5 என்ற கோவையை −1 முதல் 2 வரை தொகையிட வேண்டும்.

F(x) = x⁴/2 − x³ + 2x² − 5x

இங்கே மாறிலி C எழுத வேண்டாம். எழுதினாலும் தப்பில்லை, இரண்டு எல்லையிலும் அதே C வந்து கழிபட்டுப் போகும். இனி பிரதியிடல்:

F(2) = 8 − 8 + 8 − 10 = −2
F(−1) = 1/2 + 1 + 2 + 5 = 17/2
விடை = −2 − 17/2 = −21/2

F(−1) வரியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். F(x)-இல் இரண்டு மைனஸ் இருந்தன, இந்த வரியில் ஒன்றுகூட இல்லை. −x³ என்ற உறுப்பில் (−1)³ = −1, வெளியே இருக்கும் மைனஸ் சேர்ந்து +1. −5x என்ற உறுப்பு +5. இரட்டை அடுக்குகள் இரண்டும் மிகையாகவே வரும். ஒற்றை அடுக்கு உறுப்பில் இரண்டு மைனஸ் சந்திக்கின்றன என்பதைக் கவனிக்காமல் −1 என்றோ −5 என்றோ எழுதிவிடுவதுதான் முதல் வகைத் தவறு. குறை எண்ணைப் பிரதியிடும்போது அடைப்புக்குறி இல்லாமல் எழுதுகிறவர்களுக்கு இது தவறாமல் நடக்கும்.

இரண்டாவது வகை இன்னும் மோசமானது, ஏனென்றால் எல்லா எண்ணும் சரியாக இருக்கும். F(2) − F(−1) என்பதை ஒரே வரியில் −2 − 1/2 + 1 + 2 + 5 என்று எழுதிவிடுவார்கள். கழித்தல் குறி முதல் உறுப்போடு நின்றுவிட்டது. மீதி மூன்றும் கூட்டலாகவே கிடக்கின்றன. விடை 11/2. சரியான விடை குறை எண், இது மிகை எண். எந்த ஸ்டெப்பிலும் பெருக்கல் பிழை இல்லாததால் திரும்பப் படித்தாலும் கண்ணில் படாது.

இதைத் தவிர்க்க, F(2), F(−1) என்று முழுதாகப் பிரதியிடுவதையே விட்டுவிடலாம். எல்லைகளின் அடுக்குகளை மட்டும் முதலில் கழித்து வைத்துக்கொள்ளுங்கள்:

முதல் அடுக்கு: 2 − (−1) = 3
இரண்டாம் அடுக்கு: 4 − 1 = 3
மூன்றாம் அடுக்கு: 8 − (−1) = 9
நான்காம் அடுக்கு: 16 − 1 = 15

இப்போது கெழுக்களை எடுத்து வாருங்கள்.

2x³ → 2 × 15/4 = 15/2
−3x² → −3 × 9/3 = −9
4x → 4 × 3/2 = 6
−5 → −5 × 3 = −15

கூட்டினால் −21/2. எல்லையின் குறி ஓரிடத்தில், கெழுவின் குறி வேறிடத்தில் கையாளப்படுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் தலையில் இருக்கத் தேவையில்லை. எல்லை 1/2, 3/2 போன்ற பின்னமாக இருந்தால் இந்த முறையின் அருமை இன்னும் தெரியும். என் கருத்தில் பாடப்புத்தகங்கள் இதைத்தான் முதலில் சொல்லித்தர வேண்டும். கீழ் எல்லை 0 என்றால் மட்டும் இது தேவையில்லை, நேராகப் பிரதியிட்டுவிடலாம்.

இனி சரிபார்ப்பு. செய்த கணக்கையே மறுபடி மேலிருந்து கீழே பார்ப்பது பெரிய பலன் தராது. முதல் தடவை ஏமாற்றிய இடம் இரண்டாம் தடவையும் ஏமாற்றும். வேறு பாதையில் அதே எண்ணுக்கு வந்து சேர வேண்டும். மூன்றாம் படி வரையுள்ள கோவைகளுக்கு அப்படி ஒரு பாதை இருக்கிறது. தொகையிடாமலேயே விடை தரும்.

கொடுத்த சார்பின் மதிப்பைக் கீழ் எல்லையில், நடுப்புள்ளியில், மேல் எல்லையில் கண்டுபிடியுங்கள். நடு மதிப்பை மட்டும் 4-ஆல் பெருக்கி மூன்றையும் கூட்டுங்கள். எல்லைகளின் இடைவெளியால் பெருக்கி 6-ஆல் வகுங்கள்.

நம் கணக்கில் இடைவெளி 3, நடுப்புள்ளி 1/2.

f(−1) = −2 − 3 − 4 − 5 = −14
f(1/2) = 1/4 − 3/4 + 2 − 5 = −7/2
f(2) = 16 − 12 + 8 − 5 = 7

−14 + 4 × (−7/2) + 7 = −21. அதை 3-ஆல் பெருக்கி 6-ஆல் வகுத்தால் −21/2.

இது சிம்ப்சன் விதிதான். தோராயமாகப் பரப்பு காணும் எண்ணியல் முறைகள் பாடத்தில் வருவதால், ‘தோராயம்’ என்ற முத்திரை அதன் மேல் விழுந்துவிட்டது. முப்படி வரை அது தோராயமே கிடையாது, மிகச் சரியான விடை. 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக்காரரான தாமஸ் சிம்ப்சனின் பெயர் நிலைத்துவிட்டாலும், திராட்சை மதுப் பீப்பாய்களின் கொள்ளளவைப் பற்றி 1615-இல் எழுதிய யோகான்னஸ் கெப்ளரிடமே இந்த யோசனை இருந்தது. ஜெர்மனியில் இன்றும் இதைக் கெப்ளரின் பீப்பாய் விதி என்றுதான் சொல்கிறார்கள்.

ஏன் சரியாக வருகிறது என்று தெரிந்துகொண்டால் இன்னும் இரண்டு குறுக்குவழிகள் கூடவே கிடைக்கும். நடுப்புள்ளியை m என்றும் இடைவெளியில் பாதியை h என்றும் வைத்து, x = m + t என்று எழுதுங்கள். எந்த முப்படிக் கோவையும் p + qt + rt² + st³ என்று மாறிவிடும், எல்லைகள் −h முதல் h வரை. இப்போது t, t³ இரண்டும் ஒற்றை அடுக்குகள். இடப்பக்கம் எவ்வளவு குறைகிறதோ வலப்பக்கம் அவ்வளவு கூடி, பூஜ்ஜியமாகிவிடும். மிஞ்சுவது 2hp + 2rh³/3. விதி சொல்கிறபடி கூட்டிப் பார்ப்போம். இரு முனை மதிப்புகளின் கூடுதல் 2p + 2rh² (ஒற்றை அடுக்குகள் இங்கேயும் கழிபட்டன). நடு மதிப்பின் நான்கு மடங்கு 4p. மொத்தம் 6p + 2rh². இதை 2h-ஆல் பெருக்கி 6-ஆல் வகுத்தால் அதே 2hp + 2rh³/3.

நாற்படி வந்தால்? t⁴-இன் உண்மையான தொகையீடு 2h⁵/5. சிம்ப்சன் விதி தருவது 2h⁵/3. வித்தியாசம் 4h⁵/15. ஆக நாற்படிக் கோவைக்கு விதி சொல்லும் எண்ணிலிருந்து, x⁴-இன் கெழு × 4h⁵/15 என்பதைக் கழித்துவிட்டால் மறுபடியும் சரியான விடை. x⁴ − 2x² + 3 என்பதை −1 முதல் 3 வரை எடுத்துப் பார்ப்போம். h = 2. மூன்று மதிப்புகள் 2, 2, 66. (2 + 8 + 66) × 4/6 = 152/3. திருத்தம் 4 × 32/15 = 128/15. கழித்தால் 632/15. அடுக்குகளைக் கழிக்கும் முறையில் 244/5 − 56/3 + 12, அதுவும் 632/15. ஐந்தாம் படிக்கு மேல் இந்தச் சோதனை லாபமில்லை, கணக்கைவிடச் சோதனை நீண்டுவிடும்.

ஒற்றை அடுக்குகள் ஒழிந்துபோகும் விஷயத்தைத்தான் ஒற்றைச் சார்பு, இரட்டைச் சார்பு என்ற தலைப்பில் படிக்கிறோம். 5x⁴ − 7x³ + 3x² + 9x − 1 என்பதை −2 முதல் 2 வரை தொகையிடச் சொன்னால், −7x³, 9x இரண்டையும் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, மீதியை 0 முதல் 2 வரை தொகையிட்டு இரட்டிப்பாக்கலாம்: 2 × (32 + 8 − 2) = 76. மாறிலி −1 இரட்டை அடுக்கு (x⁰) என்பதை மறந்து அதையும் சேர்த்து அடிப்பவர்கள் உண்டு. அப்போது 80 வரும். இன்னொன்று, எல்லைகள் −2 முதல் 3 என்று இருந்தால் இந்தக் குறுக்குவழி செல்லாது. குறியைப் பார்த்த வேகத்தில் எண்ணைப் பார்க்காமல் விடுவது நடக்கிறது. அதேபோல எல்லைகள் 1 முதல் 5 வரை இருந்து, சார்பு (x − 3)³ ஆக இருந்தால் விடை 0. நடுப்புள்ளி 3 என்பதைப் பார்த்தாலே போதும், விரித்தெழுத வேண்டாம்.

அடுத்து, பலரும் பயன்படுத்தாத ஒரு சோதனை. கெழுக்களும் எல்லைகளும் முழு எண்களாக இருந்தால், விடையின் பகுதியில் (பின்னத்தின் கீழே இருக்கும் எண்) என்ன எண் வரலாம் என்பது முன்கூட்டியே தெரியும். இருபடிக் கோவையைத் தொகையிட்டால் 3, 2 ஆகியவற்றால்தான் வகுக்கிறோம். ஆகவே சுருக்கிய விடையின் பகுதி 6-இன் வகுஎண்ணாகவே இருக்கும். முப்படிக்கு 12, நாற்படிக்கு 60. முப்படிக் கணக்கில் பகுதி 8 வந்தாலோ 5 வந்தாலோ எங்கோ தவறு, தேட ஆரம்பிக்கலாம். இது பொதுவாகக் கூட்டலில் மீ.சி.ம. பிழையைக் காட்டிக்கொடுக்கும். தசமத்துக்குப் போகிறவர்களுக்கு இந்தச் சோதனை கிடைக்காது. 1/3-ஐ 0.33 என்று எழுதி அதை 27-ஆல் பெருக்கினால் 8.91, வந்திருக்க வேண்டியது 9. கடைசி வரி வரை பின்னமாகவே வைத்திருங்கள்.

இந்தச் சோதனை வேலை செய்யும் இடம் ஒன்று. (2x − 1)³ என்பதை 0 முதல் 2 வரை தொகையிட வேண்டும். விரிக்க வேண்டியதில்லை: அடுக்கைக் கூட்டி 4-ஆல் வகுத்து, உள்ளே இருக்கும் x-இன் கெழு 2-ஆலும் வகுத்தால் (2x − 1)⁴/8. மேல் எல்லையில் 81/8. கீழ் எல்லை 0 தானே, ஒன்றும் வராது என்று இத்தோடு நிறுத்தினால் விடை 81/8. முப்படிக் கணக்கில் பகுதி 8 வரவே முடியாது. திரும்பிப் பார்த்தால், x = 0 போட்டால் (−1)⁴/8 = 1/8 வருகிறது. சரியான விடை 80/8 = 10. விரித்து எழுதிய கோவையில் கீழ் எல்லை 0 என்றால் பூஜ்ஜியம் வரும், அடைப்புக்குறியோடு விட்ட கோவையில் வர வேண்டும் என்று கட்டாயமில்லை.

உள்ளே இருக்கும் 2-ஆல் வகுக்க மறந்தால் 20 வரும். அது முழு எண் என்பதால் பகுதிச் சோதனையில் தப்பிவிடும். மூன்று மதிப்புச் சோதனையில் மாட்டும்: −1, 1, 27; (−1 + 4 + 27) × 2/6 = 10.

இந்த வழி அடைப்புக்குறிக்குள் ஒருபடிக் கோவை இருந்தால் மட்டும்தான். (x² + 1)² என்பதைப் பார்த்ததும் (x² + 1)³/3 எழுதி, உள்ளே இருப்பதன் வகைக்கெழு 2x-ஆல் வகுத்து, (x² + 1)³/6x என்று எழுதுவதைப் பல தாள்களில் பார்க்கலாம். இதை வகையிட்டுப் பார்த்தால் பழைய கோவை திரும்பி வராது, கீழே இருக்கும் x-உம் சேர்ந்து வகையிடப்படும். எல்லை 0 முதல் 1 என்றால் கதை இன்னும் சீக்கிரம் முடியும்: 0-ஆல் வகுக்க வேண்டி வரும். இங்கே விரிப்பதே வழி. x⁴ + 2x² + 1, விடை 1/5 + 2/3 + 1 = 28/15.

அதுவே வெளியே ஒரு x இருந்தால் நிலைமை மாறும். x(x² + 1)³ என்பதை 0 முதல் 1 வரை: u = x² + 1 என்று வைத்தால் x dx = du/2. இப்போது எல்லைகளும் மாற வேண்டும், x = 0 என்றால் u = 1, x = 1 என்றால் u = 2. விடை (16 − 1)/8 = 15/8. பழைய எல்லைகளையே u-வுக்குப் போட்டால் 1/8. மாறியை மாற்றிய அதே வரியில் எல்லையையும் மாற்றி எழுதுங்கள், அடுத்த வரிக்குத் தள்ளிப்போட்டால் மறந்துவிடும். சந்தேகம் இருந்தால் விரித்துப் பாருங்கள்: 1/8 + 1/2 + 3/4 + 1/2 = 15/8. படி 7 என்பதால் பகுதியில் 8 வருவதில் இங்கே தவறில்லை.

கூட்டலின் எல்லையாக (துண்டுகளைக் கூட்டி, துண்டுகளின் எண்ணிக்கை முடிவிலியை நோக்கிப் போகும்போது நெருங்கும் மதிப்பாக) தொகையீட்டைக் காணச் சொல்லும் கேள்வியை மாணவர்கள் கூடியவரை தவிர்க்கிறார்கள். பல்லுறுப்புக் கோவைக்கு அது நீளமாக இருக்குமே தவிரக் கடினமில்லை. x² + 1 என்பதை 1 முதல் 3 வரை எடுத்துக்கொள்வோம். இடைவெளி 2, அதை n துண்டுகளாக்கினால் ஒவ்வொரு துண்டின் அகலம் 2/n. i-ஆவது புள்ளி 1 + 2i/n. அங்கே சார்பின் மதிப்பு 2 + 4i/n + 4i²/n². இதை i = 1 முதல் n வரை கூட்டி 2/n-ஆல் பெருக்க வேண்டும். மாறிலி 2-ஐ n தடவை கூட்டினால் 2n, அதை 2/n-ஆல் பெருக்கினால் 4. இரண்டாம் உறுப்பு 4(n + 1)/n, இது 4-ஐ நெருங்கும். மூன்றாம் உறுப்பு (8/6) × (n + 1)(2n + 1)/n², இது 8/3-ஐ நெருங்கும். மொத்தம் 32/3. நேர்வழியில் 26/3 + 2, அதே 32/3.

தவறு நடப்பது பெரும்பாலும் இரண்டு இடத்தில். புள்ளியை 2i/n என்று எழுதி, தொடக்கத்தில் இருக்கும் 1-ஐ விட்டுவிடுவது ஒன்று. அப்படிச் செய்தால் 0 முதல் 2 வரைக்கான விடை 14/3 வரும். மாறிலியை n தடவை கூட்டாமல் ஒரே தடவை எழுதுவது மற்றொன்று. n முடிவிலியை நோக்கிப் போகும்போது அந்த உறுப்பே காணாமல் போய்விடும். இந்தக் கணக்கின் உயிர்நாடி ஒன்றுதான்: 1 முதல் n வரையுள்ள எண்களின் k-ஆவது அடுக்குகளைக் கூட்டினால், n பெரிதாகப் பெரிதாக அது nᵏ⁺¹/(k + 1) என்ற அளவை ஒட்டியே போகும். நாம் ‘ஒன்றைக் கூட்டி வகு’ என்று சொல்லும் விதி அங்கிருந்துதான் வருகிறது. கேரளக் கணித மரபைச் சேர்ந்த ஜ்யேஷ்டதேவர் 16-ஆம் நூற்றாண்டில் மலையாளத்தில் எழுதிய யுக்திபாஷையில் இது காரணத்தோடு விளக்கப்பட்டிருக்கிறது. நியூட்டனுக்கும் லைப்னிட்சுக்கும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் முந்தையது.

இனி பரப்பு. தொகையீடும் பரப்பும் ஒன்று என்ற எண்ணத்தில் இருப்பவர்களுக்கு x² − 4x + 3 நல்ல மருந்து. 0 முதல் 3 வரை தொகையிட்டால் 9 − 18 + 9 = 0. கணக்கு தப்பு என்று நினைத்து அடித்துவிட்டு மறுபடி போடுவார்கள், மறுபடியும் 0 வரும். தப்பே இல்லை. இந்தக் கோவை (x − 1)(x − 3). 0 முதல் 1 வரை வளைவரை x-அச்சுக்கு மேலே, தொகையீடு 4/3. 1 முதல் 3 வரை அச்சுக்குக் கீழே, தொகையீடு −4/3. இரண்டும் சேர்ந்து பூஜ்ஜியம். பரப்பு எவ்வளவு என்று கேட்டால் 4/3 + 4/3 = 8/3.

இதே கோவை ஒரு துகளின் திசைவேகம் என்றால், முதல் 3 விநாடியில் இடப்பெயர்ச்சி 0. கடந்த தூரம் 8/3 மீட்டர். இயற்பியல் தாளிலும் இதே இடத்தில்தான் வழுக்கும். ஆகப் பரப்பு, தூரம், மட்டுக்குறி இந்த மூன்றில் ஒன்று கேள்வியில் இருந்தால், தொகையிடும் முன் மூலங்களைக் கண்டுபிடிக்க வேண்டும். எல்லைகளுக்குள் வரும் மூலங்களில் மட்டும் உடைத்தால் போதும். வெளியே இருப்பவை தேவையில்லை. தன்மைகாட்டி (b² − 4ac) குறை எண்ணாக இருந்தால் (x² + x + 1 போல) அச்சை வெட்டவே வெட்டாது, நேராகத் தொகையிடலாம். ‘மதிப்புக் காண்க’ என்று மட்டும் கேட்டிருந்தால் உடைக்கக் கூடாது. அங்கே 0 தான் விடை, 8/3 எழுதினால் தவறு.

மேலே வந்த 4/3-ஐத் தொகையிடாமலேயே எழுதலாம். இருபடிக் கோவையில் x²-இன் கெழு a, மூலங்கள் α, β (β பெரியது) என்றால், அந்த இரண்டுக்கும் இடையே வளைவரையும் அச்சும் அடைக்கும் பரப்பு |a|(β − α)³/6. மூலங்கள் 1, 3; வித்தியாசம் 2; 8/6 = 4/3. பரவளையமும் நேர்கோடும் அடைக்கும் பரப்புக்கும் இதே சூத்திரம், ஏனென்றால் இரண்டையும் கழித்தால் வருவதும் இருபடிதான். y = x², y = x + 2 இரண்டும் −1, 2 ஆகிய இடங்களில் வெட்டிக்கொள்கின்றன. வித்தியாசம் 3, பரப்பு 27/6 = 9/2. மூலங்கள் பின்னமாகவோ வர்க்கமூலத்தோடோ வந்தால் அவற்றைக் கண்டுபிடிக்கவும் வேண்டாம். தன்மைகாட்டியின் வர்க்கமூலத்தை |a|-ஆல் வகுத்தால் β − α கிடைத்துவிடும்.

இதை நேரடியாகச் சோதிக்க ஆர்க்கிமிடீஸ் இருக்கிறார். பரவளையத் துண்டின் பரப்பு, உள்ளே வரையும் முக்கோணத்தைப் போல 4/3 மடங்கு என்று கி.மு. 3-ஆம் நூற்றாண்டிலேயே நிறுவியவர். வெட்டும் புள்ளிகள் இரண்டு, அவற்றின் நடு x மதிப்பில் வளைவரை மேல் ஒரு புள்ளி, மூன்றும் சேர்ந்து முக்கோணம். நம் கணக்கில் நடு x மதிப்பு 1/2; அங்கே கோட்டுக்கும் வளைவரைக்கும் உயர வித்தியாசம் 5/2 − 1/4 = 9/4. முக்கோணப் பரப்பு (1/2) × 3 × 9/4 = 27/8. அதன் 4/3 மடங்கு 9/2.

தேர்வில் இந்தச் சூத்திரத்தை ஒரு மதிப்பெண் கேள்விக்கு நேராகப் போடலாம். ஐந்து மதிப்பெண் கேள்வியில் தொகையிடும் ஸ்டெப்புகளுக்கும் மார்க் உண்டு என்பதால், அங்கே முழுதாக எழுதிவிட்டு இதை ஓரத்தில் பென்சிலால் சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள். எல்லைகள் மூலங்களாக இல்லாதபோது இதைப் போட்டால் விடை தவறிவிடும். 0 முதல் 3 வரை என்ற மேற்சொன்ன கணக்கில் 1 முதல் 3 வரையுள்ள பகுதிக்கு மட்டும்தான் இது பொருந்தும்.

கடைசியாக, எல்லையே தெரியாத கணக்கு. 2x − 3 என்பதை 0 முதல் k வரை தொகையிட்டால் 4 வருகிறது, k என்ன? k² − 3k = 4. காரணிப்படுத்தினால் (k − 4)(k + 1) = 0; k = 4 அல்லது −1. மேல் எல்லை கீழ் எல்லையைவிடப் பெரிதாகத்தான் இருக்க வேண்டும் என்ற நினைப்பில் −1-ஐ உடனே அடித்துவிடுகிறார்கள். அப்படி ஒரு விதி இல்லை. எல்லைகளைத் திருப்பிப் போட்டால் குறி மாறும், அவ்வளவே. −1 முதல் 0 வரை 2x − 3-இன் தொகையீடு −4, திருப்பினால் 4. k மிகை எண் என்று கேள்வியில் சொல்லியிருந்தால் மட்டும் 4 ஒன்றே விடை; இல்லையென்றால் இரண்டையும் எழுத வேண்டும்.